விடை ஒன்று, வழி பல

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபினர் நாம். கண்கள் இரண்டாக அமைந்ததன் பயனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு கண்ணால் நோக்குவார்க்கும் பொருள் தோன்றும். ஆயினும் அப்பொருளின் தொலைவும் ஆழமும் இரு கண்களும் கூடி நோக்கும்பொழுதே செவ்வையாகப் புலப்படும். கணக்கும் அத்தகையதே. ஒரு வழியால் விடை கிடைக்கும். மற்றொரு வழியாலும் அதே விடையைக் கண்டவனுக்கே அவ்விடையின் உண்மையும் உள்ளமைப்பும் விளங்கும். இக்கருத்தைப் பள்ளிப் பிள்ளைகட்குக் கூறும் அறிவுரையாக மட்டும் கொள்ளுதல் வேண்டா. நாம் குடியேறி வாழும் இச்சேர நன்னாட்டின் கணித வரலாறும், நம் தாயகமாகிய தமிழகத்தின் கணித வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றன. அச்சான்றுகளுட் சிலவற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

இரு நாட்காட்டிகள்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் இல்லங்களில் தமிழ் நாட்காட்டி ஒன்றும் மலையாள நாட்காட்டி ஒன்றும் அருகருகே தொங்குதல் புதுமையன்று. இரண்டும் கதிரவனின் செலவையே பின்பற்றுவன. எனினும் சில ஆண்டுகளில் தமிழ்த் திங்களின் முதல் நாளும் மலையாளத் திங்களின் முதல் நாளும் ஒரு நாள் வேறுபடுகின்றன. 2023ஆம் ஆண்டில் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்தது. மேட மாதத்தின் முதல் நாளும் விஷுத் திருநாளும் ஏப்ரல் 15ஆம் நாள் வந்தன. 'இவற்றுள் எது சரி?' என்று வீட்டுப் பிள்ளைகள் வினவுவது இயல்பே.

இரண்டும் சரியே என்பதுதான் விடை. கதிரவன் ஓர் இராசியினின்று மற்றோர் இராசிக்குப் புகும் நேரத்தைச் சங்கிராந்தி என்பர். அது கதிரவன் மறையுமுன் நிகழ்ந்தால் அன்றே திங்கள் பிறந்ததாகக் கொள்ளுதல் தமிழ் வழக்கு. மலையாள வழக்கோ பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, முதல் மூன்று கூறுகளுக்குள் சங்கிராந்தி நிகழ்ந்தால் அன்றும், அதன் பின் நிகழ்ந்தால் மறுநாளும் திங்கள் பிறப்பதாகக் கொள்ளும். அஃதாவது காலை 6 மணிக்குக் கதிரவன் தோன்றுவதாகக் கொண்டால் பிற்பகல் 1 மணி 12 நிமிடமே எல்லை. 2023இல் மேட சங்கிராந்தி பிற்பகல் ஏறத்தாழ 3 மணிக்கு நிகழ்ந்தமையால் தமிழர்க்கு அன்றும் மலையாளிகட்கு மறுநாளும் திங்கள் பிறந்தது. விதி இரண்டாயினும் வானம் ஒன்றே. ஒரு விதியை மட்டும் அறிந்தவன் மற்றதைப் பிழை என்று கூறுவான். இரண்டனையும் அறிந்தவனே வேற்றுமையின் காரணத்தைக் கூற வல்லவன்.

பழையதும் புதியதும்

இவ்வேறுபாடு திங்கட் பிறப்போடு நிற்பதன்று. கோள்களின் நிலையைக் கணிப்பதிலேயே கேரள நாட்டில் இரு முறைகள் பல நூற்றாண்டுகள் அருகருகே வழங்கின. கி.பி. 683இல் அரிதத்தர் என்பார் வகுத்ததாகக் கூறப்படும் 'பரகிதம்' ஒன்று. எளிமையால் மக்கட்கு நலம் பயப்பது என்னும் பொருளில் அதற்கு அப்பெயர் அமைந்தது. ஆண்டுகள் பல செல்லச் செல்ல, ஏட்டிற் கண்ட கோள்நிலைக்கும் வானிற் கண்ட கோள்நிலைக்கும் இடைவெளி மிகுந்தது. நிளா என்னும் பாரதப்புழையின் அருகே ஆலத்தூரில் வாழ்ந்த பரமேசுவரர் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களை நேரிற் கண்டு குறித்து, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் திருத்திய முறையை வகுத்தார். கண்ணாற் காண்பதனோடு ஒத்த கணிதம் என்பது அதன் பொருள்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. புதிய முறை வந்தவுடன் கேரளத்தார் பழையதை எறிந்துவிடவில்லை. சடங்குகட்கு உரிய முகூர்த்தங்களைப் பரகிதத்தாலும், கிரகணம், சாதகம் ஆகியவற்றைத் திருக்கணிதத்தாலும் கணித்து வந்தனர். தமிழகத்திலும் இன்றளவும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரண்டும் வழங்குதலை அன்பர்கள் அறிவர்.

வாக்கியம் என்பது யாது? திங்கள் தன் ஓட்டத்தின் விரைவும் தளர்வும் கொண்ட ஒரு சுற்றை ஏறத்தாழ 27 1/2 நாளில் முடிக்கிறது. ஒன்பது சுற்றுகள் ஏறக்குறைய 248 நாட்களில் நிறைவுறும். அந்த 248 நாட்களுக்கும் உரிய நிலையை 248 சிறு தொடர்களில் எழுத்தெண்களாகப் பொதிந்து வைத்தனர் முன்னோர். வரருசியின் பெயரால் வழங்கும் இத்தொடர்களை மனப்பாடம் செய்தவன் பெருக்கல் வகுத்தல்களின் பெரும்பகுதியைத் தவிர்த்துத் திங்களின் நிலையை விரைவிற் கூறிவிடலாம். இருஞாலக்குடையை அடுத்த சங்கமக் கிராமத்தினராகக் கருதப்படும் மாதவர், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த பெருங்கணிதர். அவர் இவ்வாக்கியங்களை மிக நுட்பமாகத் திருத்தியதோடு, 'வேண்வாரோகம்' என்னும் நூலில் ஒரு நாளின் ஒன்பது வேளைகளுக்குத் திங்களின் நிலையைக் காணும் வழியையும் காட்டினார்.

ஒரு தமிழரின் வினாக்கள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றிய 'வாக்கிய கரணம்' என்னும் நூலே தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கங்கட்கு அடிப்படை. அதற்கு 'லகுப்பிரகாசிகை' என்னும் உரை வரைந்தவர் சுந்தரராசர் என்னும் தமிழகத்து அறிஞர். அவர் காலத்தில் கேரளத்தில் வாழ்ந்தவர் நீலகண்ட சோமயாசி. 1444இல் பிறந்த நீலகண்டர் 'தந்திர சங்கிரகம்' என்னும் நூலை 1500ஐ ஒட்டி இயற்றியவர். பரமேசுவரரின் மைந்தராகிய தாமோதரரிடம் பயின்றவர்.

தம் நாட்டு முறையில் வல்லவராய், அதற்கு உரையும் வகுத்தவராய் விளங்கிய சுந்தரராசர் அம்மட்டில் மனநிறைவு கொண்டாரில்லை. வான நூலில் தமக்கு எழுந்த ஐயங்களை மலைகட்கு மேற்கே வாழ்ந்த நீலகண்டருக்கு விடுத்தார். நீலகண்டரும் அவற்றை மதித்து விடை எழுதினார். அவ்விடைகளின் தொகுதி 'சுந்தரராச பிரச்னோத்தரம்' எனப் பெயர் பெற்றது. அந்நூல் இன்று நமக்குக் கிடைத்திலது. ஆயினும் சுந்தரராசர் தம் உரையில் நீலகண்டரை ஆறு தரிசனங்களிலும் கரை கண்டவர் என்று போற்றியிருத்தல் அவ்விருவரிடையே நிலவிய மதிப்பைக் காட்டும். தன் முறையில் தேர்ந்தவனே பிறர் முறையைக் கேட்டறியத் தகுதியுடையவன் என்பதற்கும், கேட்டறிதல் தன் முறைக்கு இழுக்காகாது என்பதற்கும் இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. தமிழகத்தினின்றும் இந்நாட்டிற்கு வந்து வாழும் நமக்குச் சுந்தரராசர் ஒரு முன்னோடி எனலாம்.

வட்டத்திற்கு மூன்று வழிகள்

ஒரு வினாவிற்குப் பல வழிகளைத் தேடுதலில் மாதவர் மரபினர் எத்துணை ஆர்வம் காட்டினர் என்பதற்கு வட்டக் கணக்கே தக்க எடுத்துக்காட்டு. விட்டம் தெரிந்தால் சுற்றளவு காண்பது எங்ஙனம் என்பது வினா.

முதல் வழி இது: விட்டத்தின் நான்கு மடங்கை எடுத்துக்கொள்க. அதில் அதன் மூன்றிலொரு பங்கைக் கழித்து, ஐந்திலொரு பங்கைக் கூட்டி, ஏழிலொரு பங்கைக் கழித்து, இவ்வாறே ஒற்றைப்படை எண்களால் வகுத்துக் கூட்டியும் கழித்தும் செல்க. முடிவின்றிச் சென்றால் சுற்றளவு கிட்டும். இவ்வழி அழகியது; ஆனால் மிகவும் மெல்ல நகர்வது. விட்டம் 1 எனக் கொண்டு 10 உறுப்புகள் வரை கணித்தால் 3.0418 என்றும், 100 உறுப்புகள் வரை சென்றால் 3.1316 என்றும் கிடைக்கும். உண்மை அளவோ 3.14159 என்று தொடங்குவது. நூறு முறை உழைத்தும் இரண்டாம் தசம இடம் கைக்கு எட்டவில்லை.

இரண்டாம் வழி, முதல் வழியிலேயே ஓரிடத்தில் நின்று, எஞ்சியவை அனைத்திற்கும் ஈடாக ஒரு திருத்தத்தைச் சேர்ப்பது. இத்திருத்தத்தையும் ஒன்றினும் ஒன்று நுட்பமாக மூன்று வகையில் அம்மரபினர் கூறினர். அவற்றுள் மூன்றாவதை 10 உறுப்புகளோடு சேர்த்தால் 3.1415927 வருகிறது. நூறு உறுப்புகள் தாரா நுட்பத்தைப் பத்து உறுப்புகளும் ஒரு திருத்தமும் தந்துவிடுகின்றன.

மூன்றாம் வழி வேறு வாயிலிற் புகுவது. விட்டத்தின் வருக்கத்தைப் பன்னிரண்டாற் பெருக்கி வருக்க மூலம் காண்க. அதனை 3ஆல் வகுத்துக்கொண்டே செல்க. கிடைக்கும் ஒவ்வொன்றையும் முறையே 1, 3, 5, 7 முதலிய ஒற்றை எண்களாலும் வகுத்து, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வருக. இவ்வழியில் 10 உறுப்புகளிலேயே ஐந்து தசம இடம் வரை சரியான விடை கிட்டுகிறது. 21 உறுப்புகளில் 3.14159265359 கிடைக்கிறது. 900000000000 அளவுள்ள விட்டத்திற்குச் சுற்றளவு 2827433388233 என்று மாதவர் கூறியதாக அம்மரபினர் போற்றி வைத்த அளவும் இதனோடு ஒத்திருத்தல் காண்க.

ஐரோப்பாவில் இவற்றுள் முதல் தொடரை 1670களில் கிரிகோரியும் லைப்னிட்சும் கண்டனர். மூன்றாவதைக் கொண்டு 1699இல் ஆபிரகாம் சார்ப் என்பார் எழுபதுக்கு மேற்பட்ட தசம இடங்களைக் கணித்தார். மாதவர் மரபு அவர்கட்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. முந்தியமையைப் பேசி மகிழ்வதினும், ஒரு விடை கிடைத்த பின்னரும் வேறு வழி தேடிய அவ்வுள்ளத்தைப் போற்றுதலே நமக்குப் பயன் தரும். விடை போதும் என்று அவர்கள் முதல் வழியோடு நின்றிருப்பின் அந்நுட்பம் கைகூடியிராது.

காரணம் அறியாமையின் விலை

இனி, இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 1825இல் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலைச் சென்னையில் வெளியிட்டார். அதில் அவர் புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறுகிறார். அக்கணிதர் ஏடும் எழுத்தாணியும் கொள்ளவில்லை. நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாகக் கொண்ட வாக்கியங்களின் துணையால் 1825 மே 31, சூன் 1 ஆகிய நாட்களில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. பிற்காலத்தில் நாய்கபவர் என்னும் அறிஞர் இத்தமிழ்க் கணிப்பு முறையை ஆராய்ந்து 1952இல் கட்டுரை வரைந்தார். பழைய பாபிலோன் நாட்டுக் களிமண் ஏடுகளிற் காணப்படும் முறையின் தொடர்ச்சியை இதிற் கண்டு வியந்தார். சோழிகளைக் கொண்டே இவ்வளவு கணித்த நம்மவரின் நினைவாற்றலை யார்தாம் வியவார்!

ஆயினும் வாரன் உடன் கூறும் செய்தி நம்மை வருத்துவது. அக்கணிதர்க்கு முறை தெரியும். முறையின் காரணம் தெரியாது என்பதே அது. அவர் குற்றமன்று. தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறிய முறை, தன் காரணத்தை வழியில் எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தது.

இதனால் விளைந்த இழப்பு யாது? அதே நூலில் விடை இருக்கிறது. மாதவர் மரபின் வட்டத் தொடர்களை மலபாரிற் பணியாற்றிய சார்லசு விஷ் என்பார் கேள்வியுற்று, அவை இந்நாட்டினர் கண்டவை என்று முதலிற் கருதினார். ஹைன் என்னும் மற்றோர் ஆங்கிலேயர் அதனை மறுத்தார். ஐரோப்பியரிடமிருந்து அண்மையில் இங்குள்ளார் பெற்றவையே அவை என்பது அவர் கொள்கை. விஷ் மீண்டும் உசாவினார். அவருக்கும் அவ்வாறே தோன்றியது. அதற்கு அவர் கூறிய காரணம், அவ்விதிகளைப் பயன்படுத்துவோருள் ஒருவரேனும் அவற்றை மெய்ப்பித்துக் காட்ட இயலவில்லை என்பதே. அன்பர்கள் இதனை ஊன்றி நோக்க வேண்டும். கையில் இருந்த செல்வம் நம்முடையது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாமையால் அது இரவற்பொருள் என்று தீர்ப்பாயிற்று!

அத்தீர்ப்பை மாற்றியது ஒரு நூல். தாமோதரரின் மாணவராகிய ஜேட்டதேவர் 1530ஐ ஒட்டி மலையாள உரைநடையில் எழுதிய 'யுக்தி பாசை' அது. சூத்திரங்களைக் கூறி அமையாது, ஒவ்வொன்றற்கும் காரணத்தைப் படிப்படியாக விளக்குவது. இந்நூலைக் கண்ட பின்னர் விஷ் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1834இல் வெளிவந்த அவர் கட்டுரை தந்திர சங்கிரகம், யுக்தி பாசை, கரண பத்ததி, சத்ரத்ன மாலை என்னும் நான்கு நூல்களையும் உலகிற்கு அறிவித்தது.

ஜேட்டதேவர் எளிய கணக்கிலிருந்தே பல வழிகளைக் காட்டத் தொடங்குகிறார். ஓர் எண்ணின் வருக்கம் காண்பதற்கு அவர் கூறும் வழிகளுள் இரண்டைப் பார்ப்போம். 98இன் வருக்கம் வேண்டின், 90, 8 எனப் பிரித்து, 8100, 64 என்னும் இரு வருக்கங்களையும், இரண்டின் பெருக்கத்தின் இருமடங்காகிய 1440ஐயும் கூட்டலாம், விடை 9604. அன்றி, 98இல் 2ஐக் கழித்து 96, கூட்டி 100, இரண்டையும் பெருக்கி 9600, அதனோடு 2இன் வருக்கம் 4 சேர்க்க 9604. முதல் வழி எவ்வெண்ணுக்கும் பொதுவாய் ஒத்து வருவது. இரண்டாவது இவ்விடத்திற்கு எளியது. சதுரம் ஒன்றை வரைந்து துண்டாக்கிப் பொருத்திக் காட்டினால் இரண்டும் ஏன் ஒத்துவருகின்றன என்பது கண்முன் நிற்கும்.

நம் நகரின் தொண்டு

இந்நூல்கள் அச்சேறிய வரலாற்றில் திருவனந்தபுரத்திற்குச் சிறப்பிடம் உண்டு. 1905இல் தொடங்கிய திருவனந்தபுரம் சமசுகிருத நூல் வரிசையைப் புகழ் பெறச் செய்தவர் நெல்லை மாவட்டத்துத் தருவையிற் பிறந்து இந்நகரில் தொண்டாற்றிய மகாமகோபாத்தியாயர் த. கணபதி சாத்திரியார். பாச நாடகங்களைக் கண்டு வெளியிட்டவர் என்று உலகம் அவரை அறியும். பரமேசுவரரின் 'கோள தீபிகை'யையும் 1916இல் அவர் பதிப்பித்தார் என்பது பலரும் அறியாதது. அவருக்குப் பின் சாம்பசிவ சாத்திரியார், ஆரியபட்டீயத்திற்கு நீலகண்டர் வரைந்த பேருரையின் இரு பகுதிகளை 1930, 1931 ஆகிய ஆண்டுகளிலும், கரண பத்ததியை 1937லும் வெளியிட்டார். பேருரையின் மூன்றாம் பகுதி 1957லும், தந்திர சங்கிரகம் 1958லும் சூரநாடு குஞ்ஞன் பிள்ளையவர்களின் பதிப்பாக இந்நகரிலேயே வெளிவந்தன.

யுக்தி பாசையின் கணிதப் பகுதி 1948இல் திருச்சூரில் வெளிவந்தது. அதனை விளக்கத்தோடு பதிப்பித்தோர் இராமவர்ம மருத் தம்புரானும் அகிலேசுவர ஐயரும் ஆவர். சென்னையிற் பேராசிரியராய் விளங்கிய சி. டி. இராசகோபால் 1940களில் தொடங்கி இத்தொடர்களின் மெய்ப்பிப்புகளை இக்காலக் கணித மொழியில் எழுதி உலகறியச் செய்தார். 1962இல் வாக்கிய கரணம் சுந்தரராசரின் உரையோடு குப்பண்ண சாத்திரியார், கே. வி. சர்மா ஆகியோரின் பதிப்பாகச் சென்னையில் வெளிவந்தது. விடை கூறிய நீலகண்டரின் நூல் திருவனந்தபுரத்திலும், வினவிய சுந்தரராசரின் நூல் சென்னையிலும் நான்காண்டு இடைவெளியில் அச்சேறியதை எண்ணி மகிழலாம். 2008இல் யுக்தி பாசை முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. அதன் பதிப்பும் மொழிபெயர்ப்பும் சர்மாவின் பணி.

நாம் செய்யத்தக்கது

தமிழர் கணக்கிலும் பல வழிகட்கு இடம் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாகக் குறையும் அளவுகள் ஒருபுறமும், இருபதில் ஒன்றாகிய மா என்னும் அளவு மற்றொருபுறமும் நின்றன. ஆதலின் ஒரு காலை இரண்டு அரைக்கால் என்றும், நான்கு மாகாணி என்றும், ஐந்து மா என்றும் கூறலாம். 60இல் முக்கால் பங்கு யாது? பாதி 30, கால் 15, கூட்ட 45 என்பான் ஒருவன். முழுமையில் கால் குறைய 45 என்பான் மற்றொருவன். 60க்கு ஒரு மா 3. முக்காலுக்குப் பதினைந்து மா. ஆகவே 45 என்பான் மூன்றாமவன். மூவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தவர்களே. எண்சுவடியை ஓதி ஒப்புவித்தலோடு நிறுத்தியவர்க்கு அது சுமையாயிற்று; மாற்றி மாற்றிக் கணித்துப் பழகியவர்க்கு அது கருவியாயிற்று. முகத்தல், நிறுத்தல் அளவைகள் மாறிய காலத்தில் சுமையை மக்கள் இறக்கி வைத்தனர். கருவியின் பயனும் உடன் மறைந்தது.

இந்நகரில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் பாட்டனார் சொல்லும் மனக்கணக்கை ஒரு வழியாகவும், பள்ளியில் ஆசிரியர் எழுதும் கணக்கை மற்றொரு வழியாகவும் காண்கின்றனர். பள்ளி முறைக்கு மாறானது என்று வீட்டு முறையை ஒதுக்குவாரும், பிள்ளைகள் குழம்புவர் என்று அஞ்சி ஒரு முறையோடு நிறுத்துவாரும் உளர். அவ்வச்சத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஒரு முறையும் கைவரப்பெறாத பிள்ளைக்கு மூன்று முறைகளை ஒருங்கே திணித்தல் தீங்கே. சுந்தரராசரும் முதலில் தம் முறையில் தேர்ந்தே பின்னர் வினவினார். எனவே ஒரு முறையை உறுதியாகப் பயிற்றுக. பின்னர் மற்றொன்றைக் காட்டுக. இறுதியில் இரண்டும் ஏன் ஒரே விடையைத் தருகின்றன என்று வினவுக. அவ்வினாவிற்குப் பிள்ளை தன் சொல்லில் விடை கூறும் நாளே அக்கணக்கு அதற்கு உரிமையாகும் நாள்.

நம் சங்கத்தில் முதியோர் பலர் எண்சுவடியை இன்னும் நாவில் வைத்துள்ளனர். இளைஞர் பலர் இக்காலக் கணிதத்தில் தேர்ந்துள்ளனர். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் இவ்விரு திறத்தாரும் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரே கணக்கை இரு வழிகளாற் செய்து காட்டுவாராயின், புதுச்சேரிக் கணிதரின் நினைவாற்றலும் ஜேட்டதேவரின் விளக்கமும் ஓரிடத்திற் கூடும். நம் முன்னோரின் முறையை நாம் விளக்கத் தெரிந்து வைத்திருந்தால், அது இரவற்பொருள் என்று இனி எவரும் கூறார்.

வாழ்க தமிழ்! வளர்க எண்ணறிவு!